மின்னூல் எதில் படிப்பது, எங்கே இரவல் வாங்குவது: கோலாலம்பூர்த் தமிழ் வாசகருக்கு ஒரு முழு வழிகாட்டி

கருவியை முதலில் வாங்கிவிட்டுப் பிறகு புத்தகம் தேடுகிறவர்கள்தான் மின்னூலில் அதிகம் ஏமாறுகிறார்கள். அமேசானின் கிண்டில் நல்ல கருவிதான். ஆனால் மலேசிய நூலகத்தின் இரவல் நூல் அதற்குள் வராது. ஆறு அங்குலத் திரை கைக்கு அடக்கமானது. ஆனால் வருடி (ஸ்கேன் செய்து) எடுத்த பழைய தமிழ் நூலை அதில் படித்தால் கண் நோகும். ஆங்கில நூலை அழகாகக் காட்டும் சில கருவிகள் ‘கொ’ என்ற ஓரெழுத்தைக்கூட ஒழுங்காகக் காட்டுவதில்லை. ஆகவே வரிசையைத் திருப்பிப் போடுங்கள். எந்த நூல் வேண்டும், அது எந்த வாசல் வழியாக வருகிறது, எந்தக் கோப்பு வடிவில் வருகிறது என்று பார்த்த பிறகுதான் கருவி.

முதலில் ஒரு தாள், பத்து நூல்கள்

அடுத்த மூன்று மாதத்தில் உண்மையிலேயே படிக்க நினைக்கும் பத்து நூல்களை ஒரு தாளில் எழுதுங்கள். பிள்ளைகளுக்கானவையும் அதில் இருக்கட்டும். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் மொழியையும் அது கிடைக்கும் இடத்தையும் குறியுங்கள். தமிழ்க் குடும்பங்களில் இந்தப் பட்டியல் பெரும்பாலும் மூன்றாகப் பிரியும். ஆங்கில, மலாய் நூல்கள் நூலகத்தில் இரவலாகக் கிடைக்கும். பழந்தமிழ் நூல்களும் நாட்டுடைமையான நூல்களும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். இன்று எழுதுகிறவர்களின் தமிழ் நூல்களைக் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும்.

பத்தில் ஏழு முதல் வகையென்றால் நூலகச் செயலி ஓடும் கருவி தேவை. ஏழு இரண்டாம் வகையென்றால் தமிழ் எழுத்தைச் சரியாகக் காட்டும் கருவி தேவை. இரண்டும் சமமாக இருந்தால் கைப்பேசி, டேப்லெட் அல்லது ஆண்ட்ராய்டு ஓடும் மின்மை (இ-இங்க்) கருவி. இதைத் தாண்டிய கணக்கு எதுவும் இல்லை.

நூலகங்களும் அட்டைகளும்

கோலாலம்பூர்க்காரருக்கு இரண்டு வாசல்கள் நேராக உண்டு. துன் ரசாக் சாலையில், தெங்கோலோக் தலைப்பாகை வடிவக் கூரையோடு நிற்கும் தேசிய நூலகம் ஒன்று. மெர்டேக்கா சதுக்கத்தை ஒட்டி மாநகர் மன்றம் நடத்தும் கோலாலம்பூர் நூலகம் மற்றொன்று. தேசிய நூலகத்தின் யு-புஸ்தாகா தளத்தில் ஒரே உறுப்பினர் கணக்கைக்கொண்டு மின்னூல்களைத் தேடலாம். பெட்டாலிங் ஜெயாவிலோ ஷா ஆலமிலோ குடியிருப்பவர்கள் சிலாங்கூர் மாநில நூலகத்தின் பக்கம்; அதன் தலைமையகம் ஷா ஆலமில் உள்ள ராஜா துன் ஊடா நூலகம். வீடு சிலாங்கூரில், வேலை கோலாலம்பூரில் என்றால் இரண்டு பக்கமும் கேட்டுப் பாருங்கள். ஒரு செயலியில் ஒன்றுக்கு மேற்பட்ட அட்டைகளைச் சேர்க்க முடியும் என்பதால் இரண்டு அட்டை வைத்திருப்பது சுமையே இல்லை.

பினாங்கு வாசகருக்கு, 1817-இல் தொடங்கிய பினாங்கு நூலகத்தின் வழிவந்த மாநிலப் பொது நூலகம் இருக்கிறது. கிரீன் லேன் என்று ஊரார் சொல்லும் மஸ்ஜிட் நெகிரி சாலையில் 2016-இல் திறந்த டிஜிட்டல் நூலகமும் இருக்கிறது. கீழே சொல்லும் படிகள் அங்கும் அப்படியே பொருந்தும்.

பதிவுக்கு மைகார்டு, வேலை செய்யும் கைப்பேசி எண், மின்னஞ்சல் மூன்றும் வேண்டும். பிள்ளைக்கு மைகிட்டோடு பெற்றோரின் அடையாள அட்டையையும் கையில் வைத்திருங்கள். இணையத்திலேயே பதிவு செய்தாலும் ஒருமுறை முகப்புக்குப் போய், “என் உறுப்பினர் எண்ணில் மின்னூல் திறந்துவிட்டதா, கடவுச்சொல் என்ன?” என்று கேட்டுவிடுவது நல்லது. அச்சு நூல் இரவலுக்குச் செல்லும் அட்டை மின்னூலுக்கும் செல்லும் என்று நினைப்பது பொதுவான பிழை. சில நூலகங்களில் அதற்குத் தனியாகக் கணக்கைத் திறந்துவிட வேண்டும். அதைச் செய்யாமல் செயலியில் எண்ணைப் போட்டால் ‘தவறான அட்டை’ என்ற பதில்தான் வரும்.

எந்தச் செயலியில் நூல் தருகிறார்கள் என்பதையும் அங்கேயே கேளுங்கள். ஒரு நூலகம் ஓவர்டிரைவ் நிறுவனத்தின் லிப்பி செயலிக்குச் சந்தா கட்டியிருக்கும். இன்னொன்று மலாய் நூல்கள் நிறைந்த இ-சென்ட்ரல் போன்ற உள்ளூர்த் தளத்தில் இருக்கும். பல்கலைக்கழக நூலகங்கள் வேறு தளங்களில் இருக்கும். அங்கே மாணவர், ஊழியர் கணக்கு இல்லாமல் உள்ளே போக முடியாது. பழைய ஓவர்டிரைவ் செயலி 2023-இல் நிறுத்தப்பட்டுவிட்டது. அதைப் பதிவிறக்கச் சொல்லும் வழிகாட்டி எதையாவது பார்த்தால் அது காலாவதியானது.

லிப்பியில் இரவல் வாங்கும் படிகள்

செயலியை நிறுவியதும் அது நூலகத்தின் பெயரையோ ஊரையோ கேட்கும். முழுப் பெயரை மலாயிலேயே உள்ளிடுங்கள். பட்டியலில் வரவில்லையென்றால் உங்கள் நூலகம் அந்தச் சேவையில் இல்லை என்று பொருள். வேறு ஊர் நூலகத்தைத் தேர்ந்தெடுத்துப் பயனில்லை, அட்டை ஒத்துப்போகாது.

வந்தால், உறுப்பினர் எண்ணையும் கடவுச்சொல்லையும் கொடுத்து உள்ளே போங்கள். தேடும் இடத்தில் மொழி வடிகட்டியைத் திறந்தால் அந்த நூலகத்தில் எந்தெந்த மொழி நூல்கள் இருக்கின்றன என்று தெரியும். தமிழ் அந்தப் பட்டியலில் இல்லையென்றால் ஒவ்வொரு தலைப்பாகத் தேடி நேரத்தைக் கழிக்க வேண்டாம்.

நூலைத் தொட்டதும் இரண்டில் ஒன்று தெரியும்: உடனே இரவல் எடுக்கலாம், அல்லது முன்பதிவு செய்து காத்திருக்கலாம். மின்னூலுக்கு எதற்கு வரிசை என்று பலர் கேட்பார்கள். பதிப்பாளர்கள் நூலகத்துக்கு நூலை விற்பதில்லை, உரிமம்தான் தருகிறார்கள். பெரும்பாலும் ஓர் உரிமத்துக்கு ஒரு நேரத்தில் ஒரு வாசகர். சில உரிமங்கள் இரண்டு ஆண்டில் முடியும். ஹார்ப்பர்காலின்ஸ் நிறுவனம் 2011-இல் 26 இரவலோடு முடியும் உரிமத்தைக் கொண்டுவந்தது. போன மாதம் இருந்த நூல் இந்த மாதம் காணாமல் போவது இதனால்தான்.

முன்பதிவு செய்த நூல் உங்கள் முறைக்கு வந்ததும் அறிவிப்பு வரும். எடுத்துக்கொள்ள வழக்கமாக 3 நாள் அவகாசம் உண்டு. அப்போது படிக்க நேரமில்லையென்றால் ‘பிறகு அனுப்பு’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். வரிசையில் உங்கள் இடம் போகாது, நூல் அடுத்தவருக்குப் போகும். பேசாமல் விட்டால் உங்கள் முறை கழிந்துவிடும். எல்லா நூலுக்கும் ஒரே நாளில் முன்பதிவு போடாதீர்கள். ஐந்தும் ஒரே வாரத்தில் வந்து நிற்கும், ஒன்றைத்தான் படித்து முடிப்பீர்கள்.

இரவல் காலத்தை நூலகம் முடிவு செய்கிறது; 14 அல்லது 21 நாள் என்பது பரவலான அளவு. முடிந்ததும் நூல் தானே திரும்பிப் போகும், அபராதம் கிடையாது. பாதியில் போய்விட்டால் பதற வேண்டாம். மறுபடி இரவல் எடுக்கும்போது நிறுத்திய பக்கமும் போட்ட அடிக்கோடுகளும் அப்படியே இருக்கும். முன்கூட்டியே படித்து முடித்தால் நீங்களே திருப்பிக் கொடுங்கள். பின்னால் நிற்பவருக்கு அது பெரிய உதவி, உங்கள் இரவல் எண்ணிக்கையிலும் ஓர் இடம் காலியாகும்.

எல்ஆர்டி சுரங்கப் பகுதியில் படிப்பவர்கள் வீட்டு வைஃபையிலேயே நூலை முழுதாகப் பதிவிறக்கிவிட வேண்டும். பதிவிறக்கம் முடிந்த குறி தெரிகிறதா என்று ‘என் அலமாரி’ப் பக்கத்தில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

கிண்டிலுக்கு அனுப்பும் பொத்தான் அமெரிக்க நூலகங்களுக்கு மட்டுமே உண்டு. இதற்குக் குறுக்குவழி இல்லை.

கணினியில் இரவல் எடுக்கும்போது

சில தளங்கள் செயலிக்குப் பதிலாக ஏசிஎஸ்எம் என்று முடியும் சிறு கோப்பைத் தரும். அது நூல் அல்ல. நூலை வாங்கிக்கொள்ளும் சீட்டு. சில கிலோபைட்தான் இருக்கும். அதை அப்படியே கருவியில் போட்டுவிட்டு ‘திறக்கவில்லை’ என்பவர்கள் ஏராளம். அடோபி டிஜிட்டல் எடிஷன்ஸ் என்ற இலவச மென்பொருளைக் கணினியில் நிறுவுங்கள். ஓர் அடோபி கணக்கைத் திறந்து அதற்குள் அங்கீகாரம் கொடுங்கள். பிறகுதான் ஏசிஎஸ்எம் கோப்பைத் திறக்க வேண்டும்.

இந்த வரிசை மாறக் கூடாது. கணவர் கணக்கில் ஒருமுறை திறந்த சீட்டை மனைவி கணக்கில் திறந்தால் ‘வேறொரு பயனர் ஏற்கெனவே பெற்றுவிட்டார்’ என்ற பிழைதான் வரும். நூலகத்தில் மறுபடி இரவல் எடுப்பதைத் தவிர வழியில்லை. வீட்டில் எல்லாரும் பகிர்ந்து படிப்பதாக இருந்தால் முதல் நாளிலேயே ஒரு பொதுக் கணக்கை வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கணக்கில் ஆறு கணினிகள்வரை சேர்க்கலாம்.

தமிழ் நூல்களின் இலவச வாசல்கள்

மதுரைத் திட்டம் 1998 பொங்கலன்று தொடங்கியது. சங்க இலக்கியம் முதல் இருபதாம் நூற்றாண்டுவரை, தன்னார்வலர்கள் தட்டச்சுச் செய்து பிழை பார்த்த எழுத்துக் கோப்புகள் அங்கே கிடைக்கும். எழுத்தாகவே இருப்பதால் எந்தத் திரையிலும் அளவை மாற்றிப் படிக்கலாம். ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் தளத்தில் எழுத்தாளர்களே படைப்பாக்கப் பொதும (கிரியேட்டிவ் காமன்ஸ்) உரிமத்தில் கொடுத்த நூல்கள் இபப் (EPUB), மோபி (MOBI), ஏ4 பிடிஎஃப், 6 அங்குல பிடிஎஃப் என நான்கு வடிவங்களில் இருக்கும். இபப் கோப்பையே எடுங்கள்.

தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் பழைய நூல்களுக்கும் இதழ்களுக்கும் பெருங்களஞ்சியம். ஈழத்து நூல்களுக்கு 2005 முதல் இயங்கும் ‘நூலகம்’ என்ற இணையதளத்துக்கு ஈடில்லை. இவை இரண்டிலும் கிடைப்பவற்றில் பெரும்பகுதி பக்கத்தைப் படமாக எடுத்தவை. திரை அளவு முக்கியமாவது இங்கேதான், கீழே பார்ப்போம். தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்கு ஸ்டோரிவீவர் தளத்தில் படிநிலை வாரியாகப் படக்கதைகள் தமிழில் உண்டு. ஒன்றாம் நிலையில் பக்கத்துக்கு ஓரிரு வரிதான் என்பதால் முதலாம் ஆண்டுப் பிள்ளை தானே வாசித்துவிடும்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். வாட்ஸ்அப், டெலிகிராம் குழுக்களில் சுற்றும் புது நாவல்களின் பிடிஎஃப் இலவச நூல் அல்ல. மலேசியப் பதிப்புரிமைச் சட்டப்படி எழுத்தாளர் மறைந்து 50 ஆண்டுவரை உரிமை இருக்கிறது. சொந்தக் காசில் அச்சிட்டு, வெளியீட்டு விழாவில் கையால் விற்கும் நம் ஊர் எழுத்தாளருக்கு அந்த ஒரு கோப்பு செய்யும் சேதம் பெரிது. வாங்குங்கள். வாங்குவதில் ஒரு நன்மையும் உண்டு: வருமான வரியில் வாழ்க்கைமுறைக் கழிவாக 2,500 ரிங்கிட்வரை கோரலாம். அச்சு நூல், மின்னூல் இரண்டும் அதில் அடங்கும். மின்னஞ்சலில் வரும் ரசீதைத் தனிக் கோப்புறையில் ஏழு ஆண்டு வைத்திருங்கள்.

எழுத்துச் சோதனை

எந்தக் கருவியையும் வாங்குமுன் கடையிலோ நண்பரிடமோ இதைச் செய்து பாருங்கள். ஒரு சிறு தமிழ் இபப் கோப்பை அதில் ஏற்றி, இந்த எழுத்துகள் வரும் இடங்களைத் தேடுங்கள்: கெ, கே, கை, கொ, கோ, கௌ, க்ஷ, ஸ்ரீ.

யுனிகோடில் ‘கெ’ என்பது முதலில் ‘க’, அடுத்து ஒற்றைக் கொம்பு என்ற வரிசையில் சேமிக்கப்படுகிறது. திரையில் காட்டும்போது கொம்பை முன்னால் கொண்டுவருவது கருவியின் வேலை. ‘கொ’ என்றால் ஒரே குறியீட்டைப் பிரித்து முன்னும் பின்னும் வைக்க வேண்டும். இந்த வேலையைக் கற்றுக்கொள்ளாத கருவியில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் தொங்கும், அல்லது புள்ளியிட்ட வட்டத்தோடு தனியே நிற்கும்.

இங்கே இரண்டு நோய்களைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. எழுத்துக்குப் பதில் வெறும் கட்டங்கள் தெரிந்தால் தமிழ் எழுத்துரு இல்லை. அது எளிதில் தீரும்: நோட்டோ செரிஃப் தமிழ் எழுத்துருவைப் பதிவிறக்கி, கருவியைக் கணினியில் இணைத்து, ‘ஃபான்ட்ஸ்’ என்ற கோப்புறையில் போட்டால் போதும். கிண்டில், அதைப் போன்ற இன்னொரு மின்னூல் கருவியான கோபோ இரண்டிலும் இதே முறைதான். ஆனால் எழுத்து தெரிந்து கொம்பு மட்டும் இடம் மாறியிருந்தால் எத்தனை எழுத்துரு மாற்றினாலும் தீராது. பழுது எழுத்துகளைக் கோக்கும் நிரலில் இருக்கிறது. வேறு வாசிப்புச் செயலிதான் மருந்து.

கைப்பேசியிலும் டேப்லெட்டிலும் இந்தத் தொல்லை இல்லை. ஆப்பிள் கருவிகளில் உள்ள இணைமதி எழுத்துரு, இதே கோலாலம்பூரில் 1985-இல் முரசு அஞ்சலை உருவாக்கிய முத்து நெடுமாறனின் கைவண்ணம். கூகல் பிளே புக்ஸ், ஆப்பிள் புக்ஸ் இரண்டும் தமிழ் இபப்பை நன்றாகக் காட்டும். கிண்டிலும் 2016 டிசம்பரில் அமேசான் தமிழ் மின்னூல்களைக் கொண்டுவந்ததிலிருந்து தமிழைச் சரியாகவே காட்டுகிறது. கோபோவில் கோப்பின் வடிவத்தைப் பொறுத்துக் காட்டும் நிரல் மாறும். சாதாரண இபப்பில் கொம்பு பிசகினால் கோபோவுக்கே உரிய கேஇபப் வடிவுக்கு மாற்றிப் பாருங்கள். அதிலும் சரியாகாவிட்டால் கேஓரீடர் என்ற இலவச மென்பொருளை நிறுவி, எழுத்து இடைவெளி அமைப்பில் ‘சிறந்தது’ என்ற நிலையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வேகமான நிலைகளில் கொம்பு இடம் மாறக்கூடும்.

கணினியில் மின்னூல்களை வடிவம் மாற்றும் காலிபர் மென்பொருளை வைத்திருப்பவர்கள் எழுத்துருவை நூலுக்குள்ளேயே பொதித்துவிடலாம். நூலைச் சேர்த்து, விவரத் திருத்தத்தில் மொழியைத் தமிழ் என்று குறியுங்கள். மாற்று என்பதை அழுத்தி, தோற்றப் பகுதியில் எழுத்துருக்கள் என்ற இடத்தில் ‘எழுத்துருக் குடும்பத்தைப் பொதி’ என்பதில் நோட்டோவைத் தேர்ந்தெடுங்கள். மொழிக் குறி விடுபட்ட இபப்பைக் கிண்டிலுக்கு அனுப்பும்போது பிழை வருவதுண்டு. பாதி நேரம் இந்த ஒரு திருத்தமே போதும். அனுப்ப இபப்பைத்தான் பயன்படுத்த வேண்டும், மோபியைக் கிண்டிலுக்கு அனுப்பும் சேவை ஏற்பதில்லை.

வரிகளை இருபுறமும் சமமாக நிறுத்தும் அமைப்பை அணைத்துவிடுங்கள். தமிழ்ச் சொற்கள் நீளமானவை. சிறு திரையில் வரிக்கு மூன்று நான்கு சொற்கள்தான் வரும் என்பதால் இடையே பள்ளம் பள்ளமாக வெற்றிடம் விழும். இடப்பக்கம் மட்டும் நேராக இருந்தால் கண் தடுக்காமல் ஓடும்.

திரை அளவு: ஒரு கணக்கு

வருடிய ஏ4 பக்கம் 210 மில்லிமீட்டர் அகலம். ஆறு அங்குலத் திரையின் அகலம் ஏறக்குறைய 91 மில்லிமீட்டர். 11 புள்ளி அளவில் அச்சான எழுத்து அதில் 5 புள்ளிக்கும் கீழே சுருங்கிவிடும்; மருந்துச் சீட்டின் அடிக்குறிப்பைப் படிப்பது போல இருக்கும். பக்க ஓரம் இருபுறமும் 25 மில்லிமீட்டர் என்று வைத்து அதை வெட்டிவிட்டால் 6 புள்ளிக்குச் சற்று மேல் வரும். கருவியைக் கிடையாகத் திருப்பினால் 8 புள்ளியைத் தாண்டும். அந்த நிலையில் படிக்கலாம், ஆனால் ஒரு பக்கத்துக்கு இரண்டு மூன்று முறை நகர்த்த வேண்டும். 10.3 அங்குலத் திரையில் ஓரத்தை வெட்டினால் அச்சு அளவே கிடைத்துவிடும்.

ஆகவே பழைய இதழ்களும் ஆய்வு நூல்களும் உங்கள் பட்டியலில் நிறைய இருந்தால் 10 அங்குலத்துக்குக் குறையாத டேப்லெட்டோ மின்மைக் கருவியோ வாங்குங்கள். நாவல், சிறுகதை என்றால் 6 அல்லது 7 அங்குலம் தாராளம். எல்லா வகையும் ஒரே கருவியில் வேண்டும், நூலகச் செயலியும் ஓட வேண்டும் என்றால் ஓனிக்ஸ் பூக்ஸ் போன்ற ஆண்ட்ராய்டு மின்மைக் கருவி. திரை சற்று மெதுவாக மாறும், மின்கலம் கிண்டில் அளவுக்கு நாள்கணக்கில் தாங்காது. அந்த விலைக்கு இரண்டு வாசலும் திறந்திருக்கும் என்பதால் தமிழ் வாசகருக்கு எங்கள் முதல் பரிந்துரை இதுதான். பணம் போட விருப்பமில்லையென்றால் வீட்டில் சும்மா கிடக்கும் பழைய டேப்லெட்டில் தொடங்குங்கள். ஒரு மாதம் படித்த பிறகு எது தேவை என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

மலேசியத் தமிழ் நூல் மின்வடிவில் இல்லாதபோது

பெரும்பாலும் இல்லை என்பதே உண்மை. ஆனால் 1986-ஆம் ஆண்டின் நூலகப் பொருள் ஒப்படைப்புச் சட்டப்படி, இங்கே அச்சாகும் நூலின் ஐந்து படிகளைப் பதிப்பாளர் தேசிய நூலகத்துக்குத் தர வேண்டும். சட்டப்படி நடந்த எந்த நூலும் துன் ரசாக் சாலைக் கட்டடத்துக்குள் இருக்கும். சிக்கல் தேடுவதில்தான்.

பட்டியலில் தமிழ் எழுத்தில் தேடிக் கிடைக்கவில்லையென்றால் ரோமன் எழுத்தில் தேடுங்கள். ஆனால் நாம் வாட்ஸ்அப்பில் எழுதும் முறையில் அல்ல. பல நூலகங்கள் பின்பற்றும் எழுத்துப்பெயர்ப்பில் ‘சிறுகதைகள்’ என்ற சொல் ‘எஸ்’ஸில் தொடங்காது, ‘சி’ என்னும் மூன்றாம் ஆங்கில எழுத்தில் தொடங்கும். ‘தை’யை எழுதும்போது ‘டி’க்குப் பின்னால் ‘எச்’ வராது. ‘க’ எங்கே வந்தாலும், ஒலி மெலிந்தாலும், ‘கே’தான், ‘ஜி’ வராது. ‘ழ’வும் ‘ள’வும் ‘எல்’ ஆகிவிடும். இப்படி மாற்றி எழுதியதும் இல்லை என்று நினைத்த நூல்கள் வந்து நிற்கும். அதுவும் பலிக்காவிட்டால் நூலின் பின்னட்டையில் உள்ள ஐஎஸ்பிஎன் எண்ணை இடைவெளி இல்லாமல் உள்ளிடுங்கள்.

மின்வடிவில் வாங்கி வைக்கும்படி நூலகத்திடம் கேட்கவும் வழி உண்டு. லிப்பியில் நூலகத்திடம் இல்லாத நூலுக்கு ‘எனக்குத் தெரிவி’ என்ற குறியிடலாம். எத்தனை பேர் கேட்டார்கள் என்பது நூலகத்துக்குத் தெரியும். மற்ற நூலகங்களில் கொள்முதல் பரிந்துரைப் படிவம் கேளுங்கள். தலைப்பு, ஆசிரியர், பதிப்பகம், ஆண்டு, ஐஎஸ்பிஎன், எந்தத் தளத்தில் மின்வடிவம் கிடைக்கிறது என்ற ஆறு விவரத்தையும் மலாயில் எழுதிக் கொடுங்கள். ‘தமிழ் நூல்கள் வாங்குங்கள்’ என்று பொதுவாக எழுதினால் வாங்கும் அதிகாரிக்கு அடுத்து என்ன செய்வதென்று தெரியாது. ஒரு படிவத்துக்கு ஒரு நூல் என்று கொடுங்கள். அதே நூலை உங்கள் வாசகர் வட்டத்தில் நான்கு பேர் தனித்தனியாகக் கேட்கட்டும்.